சந்துல கேட் போட்டு பூட்டை மாத்திட்டாங்க, உடைக்கலாமா? திருப்பாதிரிப்புலியூர் வாசகிக்கு பதில்

வந்த கடிதம் இது, கொஞ்சம் சுருக்கியிருக்கேன்:

"வணக்கம் வக்கீல் சார். நாங்க கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல இருக்கோம். தாத்தா இடத்தை 1987ல எங்கப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரிச்சுக்கிட்டாங்க. தெருவைப் பார்த்த முன்பக்கம் பெரியப்பாவுக்கு, பின்பக்கம் எங்களுக்கு, மேற்கால 10 அடி சந்து, அதுதான் எங்க வாசலுக்கு வர்ற வழி. பெரியப்பா மகன் 2021ல முன்வீட்டை வெளி ஆளுக்கு வித்துட்டாரு. வாங்கினவர் ஆரம்பத்துல நல்லாதான் பழகினார். திருட்டு பயம்னு சந்து முகப்புல கேட் போட்டார், எங்களுக்கும் ஒரு சாவி குடுத்தார். எங்க வீட்ல ரெண்டு குடித்தனம் இருக்கு, அவங்க பைக் நிறுத்தறதுல வாய்த்தகராறு ஆகி அஞ்சு மாசம் முன்னாடி பூட்டை மாத்திட்டார். இப்ப அவர் காரை சந்துலயே நிறுத்தறார். பின்பக்கம் ஒரு மூணடி சந்து இருக்கு, பால்காரர் வர்ற வழி, அதுல தான் போய்ட்டு வர்றோம். அம்மாவுக்கு 71 வயசு. போன மாசம் ராத்திரி மூச்சுத்திணறல் வந்து 108 தெருவுலயே நின்னுடுச்சு, தம்பி அம்மாவை சேர்ல உக்கார வெச்சு அந்த மூணடி சந்து வழியா தூக்கிட்டுப் போனான். கேட்டா 'பட்டா சந்தோட சேர்த்து என் பேர்ல இருக்கு, நான் வாங்கி நாலு வருஷம்தான் ஆகுது, 20 வருஷ கதை என்கிட்ட செல்லாது, உங்களுக்குத்தான் பின்னாடி வழி இருக்கே'ங்கறார். ஸ்டேஷன்ல சிவில் மேட்டர்னு அனுப்பிட்டாங்க. எங்க பத்திரம் தானே புயல்ல நனைஞ்சு படிக்க முடியாம போச்சு. பூட்டை உடைக்கிறேன்னு தம்பி நிக்கிறான். இன்னொண்ணு, கீழ் போர்ஷனை வாட்டர் கேன் குடோனுக்கு கேக்கறாங்க, அட்வான்ஸ் வாங்கலாமா? பேர் போட வேண்டாம்."

அம்மா இப்ப எப்படி இருக்காங்கன்னு நீங்க எழுதல, நல்லா இருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டு எழுதறேன். 71 வயசு அம்மாவை ராத்திரில சேர்ல தூக்கிட்டு ஓடினது படிக்கும்போதே மனசு பதறுது, தம்பிக்கு கோவம் வர்றதுல தப்பே இல்ல. ஆனா அவரை முதல்ல நிறுத்துங்கம்மா. பூட்டை உடைக்கக் கூடாது. நான் சும்மா பயந்துக்கிட்டு சொல்லல, 1882ம் வருஷ இந்திய ஈஸ்மெண்ட் சட்டம், அதாவது அடுத்தவர் இடத்து மேல நமக்கு இருக்கற வழி மாதிரி உரிமைகளைப் பத்தின சட்டம், அதுல 36வது பிரிவே இதுக்குத்தான் இருக்கு. வழி உரிமை உள்ளவர், தடை எவ்வளவு அநியாயமா இருந்தாலும், தானே போய் அதை அகற்றக் கூடாதுன்னு நேராவே சொல்லுது. இன்னைக்கு நீங்க பாதிக்கப்பட்டவங்க, நாளைக்கு பூட்டை உடைச்சா நீங்க எதிரி, அவர் புகார்தாரர். அதுக்கப்புறம் உங்க சந்து பேச்சு ஓரமா போயிடும், தம்பி மேல போட்ட கேஸுக்கு வாய்தா வாய்தாவா அலையறதே வேலையா போயிடும். இந்த மாதிரி அஞ்சு நிமிஷ கோவத்தால கையில இருந்த நல்ல கேஸை கெடுத்துக்கிட்டவங்களை நிறைய பார்த்துட்டேன்.

சரி, இப்ப விஷயத்துக்கு வர்றேன். உங்க கடிதத்தை மூணு தடவை படிச்சேன், நீங்க எல்லாம் எழுதியிருக்கீங்க, ஒண்ணே ஒண்ணுதான் இல்ல. அந்த சந்து மண்ணு யாருது? இதுக்கு பதில் தெரியாம ஒரு அடி கூட எடுத்து வைக்காதீங்க, வக்கீல் நோட்டீஸ் கூட வேண்டாம். சந்து தகராறுல தோத்துப் போனவங்கள்ல பாதிப்பேர் உரிமை இல்லாம தோக்கல, தன்னோட உரிமை எந்த வகைன்னு தெரியாம மாத்திக் கேட்டு தோத்தவங்க.

பாகம் பிரிக்கும்போது சந்தை ரெண்டு விதமா எழுதுவாங்க. ஒண்ணு, ரெண்டு பேரும் ஆளுக்கு அஞ்சடி விட்டு, இல்ல மொத்த சொத்துல இருந்து 10 அடி ஒதுக்கி, "இரு தரப்பாரும் பொதுவில் அனுபவித்துக் கொள்ள வேண்டியது"ன்னு எழுதறது. அப்படி இருந்தா சந்து மண்ணே ரெண்டு பேருக்கும் பொது, நீங்களும் கூட்டு ஓனர். அங்க ஈஸ்மெண்ட்ங்கற பேச்சே வராது, ஏன்னா தன்னோட சொந்த இடத்துல தனக்கே வழி உரிமைன்னு ஒண்ணு இருக்க முடியாது. ரெண்டாவது, சந்து முழுக்க பெரியப்பா பாகத்துல சேர்ந்து, "மேற்படி சந்தின் வழியாய் பின்பாகத்தார் போக வர பாத்தியம் உண்டு"ன்னு எழுதியிருப்பாங்க. இங்க மண்ணு அவருது, வழி உங்களுது. இதுதான் பத்திரம் மூலமா வந்த ஈஸ்மெண்ட். இது ரெண்டுமே உங்களுக்கு பலம்தான், ஆனா கோர்ட்டுல கேக்கற பரிகாரம் வேற, நிரூபிக்கிற விதம் வேற.

பத்திரத்துல சந்தைப் பத்தி ஒரு வார்த்தை கூட இல்லாமலே போயிருக்கலாம், அந்தக் காலத்துல அண்ணன் தம்பி தானேன்னு நிறைய விட்டிருக்காங்க. அப்ப ரெண்டு கதவு திறந்திருக்கு. பாகம் பிரிச்சதால ஒரு பாகத்துக்கு வேற வழியே இல்லாம போச்சுன்னா வர்ற அவசிய வழி, 13வது பிரிவு. இல்லாட்டி 20 வருஷத்துக்கு மேல பகிரங்கமா, சண்டை சச்சரவு இல்லாம, இடைவிடாம, உரிமையா அனுபவிச்சதால வர்ற பாத்தியம், 15வது பிரிவு.

இதை எதுக்கு இவ்வளவு நீட்டி சொல்றேன்னா, உங்க பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன "பின்னாடி வழி இருக்கே"ங்கற ஒரு வரி இருக்கு பாருங்க, அது சாதாரணமா சொன்னதா இல்ல யாராவது சொல்லிக் குடுத்ததான்னு தெரியல, ஆனா விஷயம் தெரிஞ்ச வரி. அவசிய வழிங்கறது அவசியம் இருக்கற வரைக்கும்தான், வேற வழி வந்துட்டா 41வது பிரிவுப்படி அது முடிஞ்சு போயிடும். நீங்க போய் "எங்களுக்கு வேற வழியே இல்ல"ன்னு பிராது போட்டீங்கன்னா அவர் அந்த மூணடி சந்தை போட்டோ எடுத்து கோர்ட்டுல வைப்பார். ஆனா உங்க உரிமை பத்திரத்துல எழுதிக் குடுத்ததா இருந்தா, பின்னாடி மூணடி என்ன முப்பதடி ரோடே வந்தாலும் அது போகாது. பொது சந்தா இருந்தா கேக்கவே வேண்டாம். பாருங்க, அதே சந்து, அதே கேட், ஆனா பத்திரத்துல இருக்கற ஒரே ஒரு வாக்கியத்தால பதில் எப்படி மாறுதுன்னு.

அதனால முதல் வேலை பத்திரம். நனைஞ்சு போச்சேன்னு கவலைப்படாதீங்க. 1987ல ரிஜிஸ்டர் ஆன பாகப்பிரிவினைன்னா சார்பதிவாளர் ஆபீஸ்ல அதோட பதிவு இருக்கும், சான்றிட்ட நகல் வாங்கலாம், கோர்ட்டுலயும் அது செல்லும். பத்திர நம்பர் தெரியலன்னா அப்பா பேரு, பெரியப்பா பேரு, வருஷம் வெச்சு தேடச் சொல்லி மனு குடுங்க. ரிஜிஸ்டர் பண்ணாத வெறும் கூர்சீட்டா, அதாவது குடும்பத்துக்குள்ளயே எழுதிக்கிட்ட பாகச் சீட்டா இருந்தா கதை கொஞ்சம் மாறும், அதை எனக்கு தனியா எழுதுங்க.

ரெண்டாவது வேலை, நிறைய பேர் இதை யோசிக்கறதே இல்ல. அவரோட பத்திரத்தை எடுங்க. 2021ல பெரியப்பா மகன் அவருக்கு எழுதிக் குடுத்த கிரயப் பத்திரம். முன்வீட்டுக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டா அந்த பதிவு வரும், ஆன்லைன்லயே பார்க்கலாம், அந்த நம்பரை வெச்சு நகல் வாங்கிடலாம். கையில வந்ததும் மத்ததெல்லாம் விட்டுட்டு நேரா சொத்து விவரத்துக்கு போங்க, அங்க நாலெல்லை, செக்குபந்தின்னு போட்டிருப்பாங்க. மேற்கு எல்லைல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. "பொது சந்துக்கும் கிழக்கு"ன்னு இருந்தா அவர் வாங்கின சொத்து சந்துக்கு இந்தப் பக்கமே முடிஞ்சு போச்சு, சந்து அவருக்கு வித்ததே கிடையாது. இல்ல சந்தையும் தாண்டி அந்தப் பக்கத்து மனை வரைக்கும்னு எழுதியிருந்தா, அளவைக் கூட்டிப் பாருங்க, 1987 பத்திரத்துல பெரியப்பாவுக்கு கிழமேல் எத்தனை அடி, 2021 பத்திரத்துல எத்தனை அடி. பெரியப்பாவுக்கே இல்லாத இடத்தை அவர் மகன் விக்க முடியாது. எனக்குத் தெரிஞ்சு ஒரு கேஸ்ல பத்தடி கூடுதலா எழுதினதுதான் மொத்த தகராறுக்கும் வேரு, வாங்கினவரே பாவம் அதை கவனிக்கல, வித்தவர் சொன்னதை நம்பி காசு குடுத்துட்டார். உங்க பக்கத்து வீட்டுக்காரரும் அப்படி ஏமாந்திருக்கலாம்ங்கறதையும் மனசுல வெச்சுக்கோங்க, அவரை எதிரியா பார்க்கறதுக்கு முன்னாடி.

அவர் பேசற பட்டா விஷயம். பட்டாவுல பேர் இருக்கறதால மட்டும் ஒருத்தர் ஓனர் ஆயிட முடியாது. ரெவின்யூ பதிவு உரிமை மூலம் கிடையாதுன்னு சுப்ரீம் கோர்ட் திரும்பத் திரும்ப சொல்லியிருக்கு. பட்டா ஒரு சாட்சியம், அவ்வளவுதான், பத்திரத்தை அது தோக்கடிக்காது. தாலுகா ஆபீஸ்ல பட்டா திருத்த மனு குடுக்கலாம், ஆனா உரிமைலயே தகராறுன்னு தெரிஞ்சா சிவில் கோர்ட்டுக்கு போகச் சொல்லிடுவாங்க, அதனால அதுல ரொம்ப நாளை கழிக்காதீங்க. அதே நேரம் உங்க பட்டாவுல என்ன அளவு இருக்கு, நகர நில அளவை வரைபடத்துல அந்த சந்து தனியா காட்டியிருக்கான்னு மட்டும் பார்த்து ஒரு நகல் எடுத்து வெச்சுக்கோங்க. முன்வீட்டுக்கு கட்டட அனுமதி வாங்கியிருந்தா அந்த பிளான்ல சந்து எப்படி வரைஞ்சிருக்குன்னு மாநகராட்சில தகவல் உரிமைச் சட்டத்துல கேக்கலாம்.

"நான் வாங்கி நாலு வருஷம்தான்"ங்கறது தப்பான கணக்கு. வழி உரிமை ஆளோட ஒட்டினது இல்ல, மண்ணோட ஒட்டினது. உங்க அப்பாவுக்கு இருந்த உரிமை அந்த பின்பாகத்தோட சேர்ந்து உங்களுக்கு வந்துடுச்சு, 19வது பிரிவு. பெரியப்பா பாகத்து மேல இருந்த சுமை அந்த முன்பாகத்தோட சேர்ந்து அவருக்குப் போயிடுச்சு. ஓனர் மாறினா 20 வருஷம் முதல்ல இருந்து எண்ண வேண்டியதில்ல.

ஆனா 20 வருஷத்துல ஒரு நுணுக்கம் இருக்கு, இங்கதான் நீங்க உஷாரா இருக்கணும். அந்த அனுபவம் "உரிமையா" இருந்திருக்கணும், அவர் தயவுல விட்டதா இருக்கக் கூடாது. தயவுல விட்டது வெறும் அனுமதி, லைசென்ஸ், பெரும்பாலும் எப்ப வேணா ரத்து பண்ணிடலாம். இப்ப உங்க வாட்ஸ்அப்பை எடுத்துப் பாருங்க. அவர் சாவி குடுத்தப்ப "உங்க இடத்துல வழி விட்டதுக்கு ரொம்ப நன்றி சார்"னு ஏதாவது அனுப்பியிருக்கீங்களா? நாம மரியாதைக்கு அனுப்பற ஒரு வரி, அது பிரிண்ட் அவுட்டா கோர்ட்டுக்கு வரும். அனுப்பியிருந்தா அழிக்காதீங்க, அது தப்பு, அவர்கிட்டயும் இருக்கும், என்கிட்ட இல்ல உங்க வக்கீல்கிட்ட முதல் நாளே சொல்லிடுங்க. இனிமே அனுப்பறதுல "உங்க இடம்", "தயவு பண்ணி", "பெரிய மனசு" இதெல்லாம் வேண்டாம். அம்மாகிட்டயும் சொல்லி வைங்க, பெரியவங்க "என் மச்சாண்டார் மனசு வெச்சு வழி விட்டாரு"ன்னு பெருமையா சொல்லிடுவாங்க, அவங்களுக்கு அது பாசம், கூண்டுல நின்னு சொன்னா அது வேற அர்த்தம்.

இன்னொண்ணு, காலக்கெடு. அவர் பூட்டை மாத்தி அஞ்சு மாசம் ஆகுதுன்னு எழுதியிருக்கீங்க. ஒரு தடை வந்து, அது யார் போட்டதுன்னு தெரிஞ்சும் ஒரு வருஷம் நீங்க அடங்கிப் போயிட்டா, அப்பதான் அது 20 வருஷ அனுபவத்தை உடைக்கிற தடையா சட்டத்துல எண்ணப்படும். அதோட அந்த 20 வருஷ கணக்கு, கேஸ் போடற தேதிக்கு முந்தின ரெண்டு வருஷத்துக்குள்ள வந்து முடியணும். அப்ப உங்களுக்கு நேரம் இருக்கு, ஆனா சும்மா உக்கார நேரம் இல்ல. வாயால எத்தனை தடவை சண்டை போட்டாலும் அது காத்தோட போயிடும். எழுத்துல ஒரு ஆட்சேபம் போகணும், தபால்ல, போய்ச் சேர்ந்ததுக்கு ஒப்புகையோட. பத்திரத்துல உரிமை இருந்தா இந்த ஒரு வருஷ பயம் அவ்வளவு இல்ல, ஆனாலும் எழுதி வைங்க.

20 வருஷ அனுபவத்துக்கு சாட்சியம் எங்க கிடைக்கும்னு கேப்பீங்க. நம்ம ஊர்ல எல்லார் வீட்லயும் ஒரு பொக்கிஷம் இருக்கு. தானே புயல் 2011 டிசம்பர் 30ம் தேதி, மறுநாள் விழுந்த மரம், விழுந்த மதில் எல்லாத்தையும் நஷ்ட ஈட்டுக்காக போட்டோ எடுக்காத வீடு கடலூர்ல குறைவு. அதுல உங்க சந்து திறந்து கிடக்கறது தெரியும். 2015 வெள்ளத்துல தண்ணி நின்ன போட்டோ இருக்கும். தங்கச்சி கல்யாணம், மஞ்சள் நீராட்டு ஆல்பத்துல சந்து முகப்புல வாழைமரம் கட்டியிருப்பீங்க, பின்வீட்டு விசேஷத்துக்கு அங்க தோரணம் கட்டினதே உங்க வழின்னு சொல்ற சாட்சி. பழைய கேஸ் சிலிண்டர் போடற ஆளு, போஸ்ட்மேன், எதிர் வீட்டு பெரியவர், இவங்களும் சாட்சிதான். பெரியப்பா மகன் வந்து உண்மையை சொன்னா அதைவிட பெரிசு எதுவும் இல்ல, ஆனா வித்தவர்ங்கறதால அவருக்கு தர்மசங்கடம் இருக்கும், மிரட்டாம அன்பா பேசிப் பாருங்க.

இப்ப உங்களுக்கு கசப்பா இருக்கப் போற ரெண்டு விஷயம். வழி உரிமைன்னா போக வர உரிமை, நிறுத்தி வைக்கிற உரிமை இல்ல. சந்து மண்ணு அவருதா இருந்தா உங்க குடித்தனக்காரங்க பைக்கை அங்க நிறுத்தறதுக்கு உங்களுக்கு பாத்தியமே கிடையாது. பொது சந்தா இருந்தாலும் மத்தவருக்கு இடைஞ்சலா ஒருத்தர் நிறுத்தக் கூடாது, அது உங்களுக்கும் பொருந்தும் அவர் காருக்கும் பொருந்தும். சண்டை ஆரம்பிச்சதே அந்த பைக்குலதான்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அதனால இன்னைக்கே குடித்தனக்காரங்களைக் கூப்பிட்டு உங்க முற்றத்துக்குள்ள நிறுத்த ஏற்பாடு பண்ணிடுங்க, சந்து திறந்தப்புறமும் அப்படித்தான்னு சொல்லிடுங்க. கோர்ட்டுக்கு போறவங்க கை சுத்தமா இருக்கணும்.

வாட்டர் கேன் குடோனுக்கு அட்வான்ஸ் வாங்காதீங்க, இப்போதைக்கு கண்டிப்பா வேண்டாம். குடும்பம் குடியிருக்க விட்ட வழில நாள் முழுக்க லோடு ஆட்டோ ஏறி இறங்கினா, முன்வீட்டு இடத்து மேல இருக்கற சுமையை நீங்க கூட்டறீங்கன்னு அர்த்தம், ஈஸ்மெண்ட்ல அதுக்கு இடம் இல்ல. அதோட பத்திரத்துல என்ன வகை வழின்னு போட்டிருக்குன்னும் பாருங்க, "நடை பாத்தியம்"னு மட்டும் இருந்தா வண்டிக்கு உரிமை வராது, ஒரு வகை வழி இன்னொரு வகையை சேர்த்துக்காதுன்னு 28வது பிரிவு சொல்லுது. "வண்டி வாகனம்"னு இருந்தா ஆம்புலன்ஸ் பிரச்சினைக்கு அந்த வார்த்தையே போதும். அப்படியே சந்துக்கு அடில உங்க குடிதண்ணி பைப், டிரைனேஜ் போகுதான்னும் பார்த்துக்கோங்க, மேல நடக்கிற உரிமை வேற, கீழ குழாய் போற உரிமை வேற, ரெண்டையும் தனித்தனியா கேக்கணும்.

கேட் போட்டதே தப்புன்னு வாதாட நினைக்காதீங்க. திருட்டு பயத்துக்கு கேட் போட்டு, ஆளுக்கு ஒரு சாவி இருந்து, போக வர நிஜமா கஷ்டம் இல்லன்னா கோர்ட் பெரும்பாலும் அதை தடையா எடுத்துக்காது. பூட்டை மாத்தினதும், சாவி தராததும், குறுக்கால கார் நிறுத்தினதும்தான் தப்பு. மண்ணே அவருதா இருந்தாலும், உங்க வழியை குறுக்காத அளவுக்குத்தான் அவர் அந்த இடத்தைப் பயன்படுத்தலாம்.

ஸ்டேஷன்ல சிவில் மேட்டர்னு அனுப்பினதுக்கு வருத்தப்படாதீங்க, அதுல ஓரளவு நியாயம் இருக்கு. தனிப்பட்ட பாதையை ஒருத்தர் தனக்கு உரிமை இருக்குன்னு நல்லெண்ணத்தோட நம்பி மறிச்சா அது சட்டவிரோத தடுப்புக் குற்றம் ஆகாதுன்னு குற்றவியல் சட்டத்துலயே விதிவிலக்கு இருக்கு. ஆனா நாளைக்கு கைகலப்பு வரும்போல இருந்தா, மிரட்டினா, அதுக்கு தனியா புகார் குடுத்து சிஎஸ்ஆர், அதாவது புகாரை வாங்கிக்கிட்டதுக்கான ரசீது, வாங்கிக்கோங்க. ஏரியால யாராவது பெரிய ஆள், கட்சிக்காரர்னு நடுவுல விடாதீங்க. ரெண்டு பக்கமும் காசு வாங்கிட்டு நீங்க கையெழுத்துப் போடற வெத்து பேப்பர்ல உரிமையை எழுதி வாங்கிட்டுப் போயிடுவாங்க.

கோர்ட்டுக்கு போக வேண்டி வந்தா என்ன நடக்கும்னு சொல்லிடறேன். உரிமை விளம்புகை, அதாவது வழி உரிமை உங்களுக்குன்னு கோர்ட் அறிவிக்கணும்னு கேட்டு, தடுக்கக் கூடாதுன்னு நிரந்தர உறுத்துக் கட்டளை கேட்டு, பூட்டையும் காரையும் எடுக்கச் சொல்லி செயலுறுத்துக் கட்டளை கேட்டு ஒரு தாவா. கூடவே இடைக்கால மனு, அட்வகேட் கமிஷனர், அதாவது இடத்தைப் பார்க்க கோர்ட் அனுப்பற வக்கீல், போட மனு. கமிஷனர் சர்வேயரோட வந்து அளந்து சந்தோட அகலம், கேட், கார், பின் சந்து எல்லாத்தையும் குறிச்சு ரிப்போர்ட் குடுப்பார், சந்து கேஸ்ல பாதி உயிரு அந்த ரிப்போர்ட்ல இருக்கு, அன்னைக்கு வீட்ல இருங்க. பிராதுல பொது சந்துன்னும் போட்டு, 20 வருஷ பாத்தியம்னும் போட்டு, வேற வழியே இல்லன்னும் போட்டு மூணையும் கலந்து அடிக்கச் சொல்லாதீங்க, இது இல்லன்னா அதுன்னு மாத்துக் கோரிக்கையா வைக்க இடம் இருந்தாலும் ஒண்ணுக்கொண்ணு முரணா பேசினா எதையும் நம்ப மாட்டாங்க. அவர் முந்திக்கிட்டு கேஸ் போட்டு உங்களைக் கேக்காமலே தடை வாங்கிடுவாரோன்னு பயம் இருந்தா கேவியட், அதாவது எங்களைக் கேக்காம உத்தரவு போடக் கூடாதுன்னு முன்கூட்டியே குடுக்கற மனு, போடுங்க, அது 90 நாள் உயிரோட இருக்கும்.

ஆனா நான் உங்க அண்ணனா இருந்தா முதல்ல சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத்தான் போகச் சொல்லுவேன், கடலூர்லயே மாவட்ட ஆணைக்குழு இருக்கு. நீங்க பெண், அதனால வருமான வரம்பு பார்க்காம உங்களுக்கு இலவச சட்ட உதவிக்கு தகுதி இருக்கு, 1987ம் வருஷ சட்டத்துல 12வது பிரிவு. கேஸ் போடறதுக்கு முன்னாடியே மனுவா குடுத்தா ரெண்டு பேரையும் கூப்பிட்டு பேசுவாங்க. அங்க சமரசம் ஆகி மக்கள் நீதிமன்றத்துல தீர்ப்பா பதிவாச்சுன்னா அது சிவில் கோர்ட் டிகிரி மாதிரியே, அப்பீலும் கிடையாது. பண்ருட்டி பக்கம் ஒரு பலாத்தோப்புக்கு போற பாதைக்கு அண்ணன் தம்பி ரெண்டு பேர் கோர்ட்டு கோர்ட்டா ஏறி இறங்கினாங்க, நான் தம்பிக்கு ஆஜரானேன், ஜெயிச்சோம், டிகிரி வாங்கிட்டு வரும்போது அண்ணன் இறந்து ஆறு மாசம் ஆயிருந்துச்சு. தம்பி அந்த பேப்பரை என் மேஜை மேல வெச்சுட்டு ஒண்ணும் பேசாம உக்காந்திருந்தார். அதுல இருந்து சந்து கேஸ் யார் கொண்டு வந்தாலும் முதல்ல பேசிப் பார்த்தீங்களான்னுதான் கேக்கறேன்.

பேச்சு படிஞ்சா வாய் வார்த்தையோட விடாதீங்க. இன்னைக்கு அவர், நாளைக்கு அவர்கிட்ட வாங்கறவர். சந்து நீளம், அகலம் அளந்து ஸ்கெட்ச் போட்டு, கால்நடையாவும் வண்டிலயும் போகலாம்னு எழுதி, கேட்டுக்கு ரெண்டு சாவி, பூட்டை மாத்தினா அன்னைக்கே புது சாவி, ரெண்டு தரப்பும் உள்ள வண்டி நிறுத்தறது இல்ல, ஆம்புலன்ஸ் வந்தா எந்நேரமும் திறக்கணும், குழாய் ரிப்பேருக்கு தோண்டினா தோண்டினவங்களே சிமெண்ட் போட்டு மூடணும், இது ரெண்டு பேரோட வாரிசுக்கும் பின்னாடி வாங்கறவங்களுக்கும் பொருந்தும்னு போட்டு ரிஜிஸ்டர் பண்ணிடுங்க. ரிஜிஸ்டர் ஆனாத்தான் வில்லங்கத்துல வரும், நாளைக்கு "எனக்குத் தெரியாது"ன்னு எவரும் சொல்ல முடியாது. தரை போடற செலவு சட்டப்படி வழியை உபயோகிக்கறவங்க பக்கம்தான் வரும், அதை நீங்களே ஏத்துக்கறேன்னு முதல்லயே சொல்லிப் பாருங்க, நிறைய பேருக்கு அந்த ஒரு வார்த்தைல கோவம் பாதி இறங்கிடும்.

இதெல்லாம் நடக்க நாளாகும், அதுக்குள்ள அம்மாவுக்கு மறுபடி ராத்திரில முடியாம போனா என்ன பண்றது, அதானே உங்க பயம். வக்கீல் நோட்டீஸ் வேண்டாம்னு சொன்னேன், ஆனா எந்த வகை உரிமைன்னு சொல்லாம வெறும் ஆட்சேபம் மட்டும் இன்னைக்கே அனுப்பலாம். இந்த மாதிரி ஒரு கடிதம் எழுதி தபால்ல அனுப்பிட்டு, அதையே போட்டோ எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்லயும் போடுங்க: "ஐயா, மேற்குப்புற சந்து 1987 பாகப்பிரிவினை முதல் எங்க குடும்பம் உரிமையோட போக வர அனுபவிச்சு வர்ற வழி. நீங்க பூட்டை மாத்தினதை நாங்க ஒத்துக்கல, ஆட்சேபிக்கிறோம். உரிமை சம்பந்தமா ரெண்டு பேரும் பத்திரத்தை வெச்சு உக்காந்து பேச தயாரா இருக்கோம். அதுவரைக்கும், எங்க உரிமைக்கு எந்த பாதகமும் இல்லாம, எங்க அம்மாவோட உடல்நிலையை கருதி ஒரு சாவி எங்ககிட்ட இருக்கணும், ராத்திரில காரை சந்துல நிறுத்த வேண்டாம். எங்க குடித்தனக்காரங்க வண்டியை நாங்க ஏற்கனவே உள்ள மாத்திட்டோம்." அந்த கடைசி வரி அனுப்பறதுக்கு முன்னாடி நிஜமா பைக்கை மாத்தியிருக்கணும், பார்த்துக்கோங்க. "எங்க உரிமைக்கு பாதகம் இல்லாம"ங்கற வார்த்தையை விட்டுடாதீங்க, அது இருந்தா சாவி வாங்கினது தயவுல வாங்கினதா ஆகாது.

1987 பத்திர நகல் கைக்கு வந்ததும் சந்தைப் பத்தி எழுதியிருக்கற அந்த ஒரு பத்தியை மட்டும், ஒரு எழுத்து கூட மாத்தாம அப்படியே டைப் பண்ணி எனக்கு அனுப்புங்க. கூடவே அவர் பத்திரத்தோட மேற்கு எல்லையையும்.